டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி: ஆலயச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஆலயத்தில் 26 ஆண்டுகளாக உறுப்பினர். பினாங்கு மாநிலத்தின் அரசாங்க மருத்துவமனையிலும் சுகாதார நிலையங்களிலும் 33 ஆண்டுகள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்களில் பாதிப் பேருக்கு நான் இன்றும் 'மிஸ்ஸி'தான். உங்கள் பிள்ளைகளில் சிலருக்கு முதல் தடுப்பூசி போட்ட கையும் இதுதான். நேரில் சொல்ல வேண்டியதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். செயலவைக் கூட்டத்தில் பேசப் பத்து நிமிடம் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் உள்ள என் பழைய தோழிகளிடம், எச்.ஐ.வி. பயத்தால் நம் சமையற்கூடத்திலிருந்து ஒரு தொண்டரை விலக்கியதைப் பற்றிப் பேசியபோது, ஒருத்தி தன் குடியிருப்புப் பகுதியில் நடந்த கல்யாணச் சமையலைப் பற்றியும், இன்னொருத்தி ஒரு சாவு வீட்டைப் பற்றியும் இதே கதையைச் சொன்னார்கள். ஆகவே இது உங்களுக்கு மட்டும் எழுதும் மடலாக இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

ஆலயத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட தம்பியின் பெயர், வயது, தொழில் எதையும் எழுதப் போவதில்லை. இந்த மடலை அவரிடம் முழுமையாகப் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பத்திகளை நீக்கிய பிறகுதான் வெளியிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க வரும் தொண்டர்களில் ஒருவருடைய பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பி கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்த புண்ணியவான், கொடுப்பதற்கு முன்னால் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். அன்று இரவே, அந்தத் தம்பியை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கிய ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அந்தப் படமும், அது எச்.ஐ.வி. கிருமிக்குக் கொடுக்கும் மருந்து என்ற விளக்கமும் வந்துவிட்டன. மறுநாள் காலையில், ஆடித் திருவிழாவின்போது பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் விரலை வெட்டிக்கொண்டது யாருக்கோ நினைவு வந்தது. அன்று ஆலயத்தில் சாம்பார் சாப்பிட்ட ஏறத்தாழ 300 பேரின் வயிற்றிலும் புளியைக் கரைக்க அந்த ஒரு நினைவு போதுமானதாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எதுவும் அறியாமல் வழக்கம்போல வந்தார். வழக்கம்போல முட்டைக்கோசை நறுக்கினார். பசியாறையின்போது யாரோ நீட்டிய டம்ளரில் தேநீர் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் உடம்புக்காகத்தான் சொல்கிறோம், கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கள்" என்றார். அவர் நறுக்கிப் பயன்படுத்திய கத்தியும் பலகையும் குப்பைக்குப் போயின. அந்தத் தேநீர் டம்ளரை மட்டும் எறிய யாருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் அது உபயமாக வந்தது.

அதை நான் பார்த்தது அதற்கும் அடுத்த வாரம். பாத்திர அலமாரியின் மேல்தட்டில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் 'உபயம்' என்று பொறித்த எழுத்துகளுக்குப் பக்கத்தில், பாசிப்பயறு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நகச்சாயம். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கு முன்னாலேயே வைத்த புள்ளி அது. அவர் அதில் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கூடத்திலிருந்த எல்லாருக்கும் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

உங்களைப் பார்த்துச் சிரிக்கவோ, அறிவில்லாதவர்கள் என்று சொல்லவோ இதை எழுதவில்லை. சொல்வதற்கான தகுதியும் எனக்கில்லை. 1994ஆம் ஆண்டில், வார்டில் ஒரு நோயாளிக்கு இரத்தம் எடுத்துவிட்டு ஊசியை மூடும்போது அது என் இடது சுட்டுவிரலில் குத்திவிட்டது. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது. இப்போது அப்படி நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிடலாம். அன்று எனக்கு அப்படி எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆறு மாதம் காத்திருந்து சோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். தொற்றியவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட ஆயிரம் முறைக்கு ஏறத்தாழ மூன்று முறைதான் கிருமி தொற்றுகிறது என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானே மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆறு மாதமும் என் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலை நானேதான் அந்த டம்ளரில் கட்டினேன். இரண்டு வயதுப் பிள்ளை மடியில் ஏற வரும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போனேன். சோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அந்த நூலை அறுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அறிவுக்குத் தெரிந்த ஒன்று கைக்குத் தெரிவதற்கு எவ்வளவு நாளாகும் என்று நான் பட்டு அறிந்தவள். பயந்தீர்கள் என்பதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பயத்தை ஒரு முடிவாக்கி, அந்த முடிவை அவருடைய நன்மைக்கு என்று சொன்னீர்களே, அதற்குத்தான்.

சாம்பாரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அங்கேதான் கொதிக்கிறது. எச்.ஐ.வி. மனித உடம்பின் சில குறிப்பிட்ட வெள்ளணுக்களுக்குள் புகுந்தால்தான் பெருகும் கிருமி. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் நீர், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகத்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. எச்சில், வியர்வை, கண்ணீர், சளி வழியாகப் போவதில்லை. உடம்பைவிட்டு வெளியே வந்து காற்றுப்பட்டு உலரத் தொடங்கியதும் அது வலுவிழக்கிறது. சில மணி நேரத்தில் 100இல் 90 முதல் 99 பங்கு வரை செயலிழந்துவிடுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நோயாளியின் உடம்பில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான கிருமியை வைத்துக்கொண்டு. வெட்டுப்பட்ட விரலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் பயற்றங்காயில் விழுந்து, அதை யாரும் கவனிக்காமலே விட்டிருந்தாலும்கூட, முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதித்த சாம்பாரில் அது பிழைத்திருக்க வழியில்லை. பிழைத்தாலும் இரைப்பையின் அமிலத்தைத் தாண்ட முடியாது. சமைத்தவருக்கு எச்.ஐ.வி. இருந்ததால் சாப்பிட்டவருக்கு வந்தது என்று இந்த 40 ஆண்டுகளில் எங்கும் பதிவாகவில்லை. உணவோடு தொடர்புடையதாகப் பதிவான மிக அரிதான நிகழ்வுகள் எல்லாம், வாயில் புண்ணோ ஈறில் இரத்தக் கசிவோ இருந்த ஒருவர் தம் வாயில் மென்ற உணவைக் கைக்குழந்தைக்கு ஊட்டியதால் நேர்ந்தவை. நம் அன்னதானத்தில் யாரும் யாருக்கும் மென்று ஊட்டுவதில்லை.

டம்ளருக்கு வருகிறேன். இந்தச் சந்தேகம் உங்களுக்கு முன்பே உலகத்துக்கு வந்துவிட்டது. நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகள் 39 பேரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரைச் சோதித்து, அதன் முடிவை 1986ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். தட்டு, குவளை, துண்டு, கழிப்பறை, சமையலறை எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள் அவை; நோயாளியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு வாழ்ந்தவர்கள். அந்த 101 பேரில் ஒரே ஒரு ஐந்து வயதுக் குழந்தைக்குத்தான் கிருமி இருந்தது. அதுவும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். நினைவிருக்கட்டும், அந்த நோயாளிகள் எவருக்கும் இன்றுள்ள மருந்து கிடையாது. அதே 1986ஆம் ஆண்டில்தான் மலேசியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார்; சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்ததும் அந்த ஆண்டில்தான். அதாவது இந்தக் கிருமி நம் வாசலுக்கு வந்த அன்றே, டம்ளரால் அது பரவாது என்ற பதிலும் கூடவே வந்துவிட்டது.

வீட்டுக்குள் பரவிய நிகழ்வுகளே இல்லையா என்று பொருளாளர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, நேர்மையான பதில் சொல்ல வேண்டும். மிகச் சில உண்டு. நோயாளியின் இரத்தம் கையுறை இல்லாமல் கவனித்தவரின் திறந்த புண்ணில் பட்டது, ஒரே சவரக் கத்தியைப் பகிர்ந்துகொண்டது போன்றவை. அவை எல்லாவற்றிலும் வழி இரத்தம்தான். டம்ளரோ தட்டோ தோளில் போட்ட கையோ இல்லை.

கொசுவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெங்கியோடு காலம் தள்ளும் ஊரில் அந்தச் சந்தேகம் வருவது நியாயமே. டெங்கிக் கிருமி கொசுவின் உடம்புக்குள் பெருகி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதால் அடுத்த கடியில் நம்முள் இறங்குகிறது, எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றில் செரித்துப்போகிறது. கொசு தன் எச்சிலைத்தான் நமக்குள் விடுகிறது, முன்பு குடித்தவரின் இரத்தத்தை விடுவதில்லை. கழிப்பறை, நீச்சல் குளம், விபூதி வாங்கும் விரல், ஒரே உண்டியல் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் இல்லை, இல்லை, இல்லை.

அந்தத் தம்பி தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அவரைப் போல ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கு இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் காண முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்படிக் குறைந்த ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூடக் கிருமி பரவுவதில்லை என்பது ஆயிரக்கணக்கான இணையர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்ட முடிவு. இதை நான் சொன்னவுடன் செயலாளர், "அப்படியானால் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம்" என்றார். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மருந்து சாப்பிடுவதால் அவரைச் சமையற்கூடத்தில் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கே அவர் மருந்தை நிறுத்திவிட்டாலும் அவருடைய உடம்புக்குத்தான் கேடு, உங்கள் டம்ளருக்கு ஒன்றும் ஆகாது. தேவையில்லாத இடத்தில் கேட்டு வாங்கும் கடிதமும் இன்னொரு சிவப்புப் புள்ளிதான். உணவு கையாளுபவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள் கேட்பது பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும். நம் சமையற்கூடத்தில் எத்தனை பேர் அந்த ஊசியைப் போட்டிருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தீர்களா? போன தைப்பூசத்துக்கு முதல் நாள், வயிற்றுப்போக்கோடு வந்து தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் கலக்கிய ஒருவரை, எவ்வளவு பக்தி என்று நாம் எல்லாரும் பாராட்டினோம். மருத்துவக் கடிதம் கேட்க வேண்டியிருந்தால் அன்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. நம் ஆலயத்தில் இரத்தம் படும் இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, அங்கே நாம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம். தைப்பூசத்துக்கு முடிகாணிக்கை கொடுக்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். கூட்டம் ஏற ஏற, ஒரு தலைக்கு ஒரு பிளேடு என்ற கணக்கு இரண்டு தலைக்கு ஒன்றாகி, பிறகு மழுங்கும் வரை ஒன்று என்றாகிவிடுகிறது. சந்தனம் பூசும் பெண்மணி, கத்திக் கீறலிலிருந்து கசியும் இரத்தத்தின் மேல் அதே கையால் அடுத்தடுத்த தலைகளுக்கும் பூசிக்கொண்டு போகிறார். அலகு குத்தும் கொக்கிகளும் வேல்களும் எலுமிச்சைச் சாற்றிலும் வேப்பிலைத் தண்ணீரிலும் கழுவி, விபூதி தடவி, அடுத்தவருக்குத் தயாராகின்றன. வேப்பிலையின் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் அது கிருமி நீக்கும் இயந்திரம் இல்லை.

அங்கேயும் எச்.ஐ.வி.யை முதலில் நினைக்காதீர்கள். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி கிருமியை நினையுங்கள். உலர்ந்த இரத்தத்தில் அது குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால் 100க்கு 6 முதல் 30 வரை தொற்றக்கூடும், எச்.ஐ.வி.க்கு நான் சொன்ன ஆயிரத்துக்கு மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தத் தடுப்பூசி 1989ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. செயலவையில் அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இரண்டு பேர் என்று நினைக்கிறேன். மற்றவர்கள், தாமாகப் போய்ப் போட்டுக்கொள்ளாவிட்டால், அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்கள். ஒரு டம்ளரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேல்தட்டில் ஏற்றிய அதே செயலவை, ஒரே பிளேடு மூன்று தலை போவதைப் பார்த்துக்கொண்டு நின்று நேர்த்திக்கடன் சீட்டு கிழித்துக் கொடுக்கிறது. அஞ்ச வேண்டாத இடத்தில் நம் அச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டோம். அஞ்ச வேண்டிய இடத்துக்கு மிச்சம் இல்லை.

மருத்துவமனைகளில் 1980களின் பிற்பாதியிலேயே ஒரு வழக்கம் வந்தது. யாருக்கு எந்தக் கிருமி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. ஆகவே எல்லாருடைய இரத்தத்தையும் கிருமியுள்ள இரத்தமாகவே பாவித்துக் கையாள வேண்டும் என்பது அது. சமையற்கூடத்தில் யார் விரலை வெட்டிக்கொண்டாலும், அது தலைவரின் விரலாகவே இருந்தாலும், நறுக்குவதை நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்டர் ஒட்டிக் கையுறை மாட்டி, இரத்தம் பட்ட காய்களை எறிந்து, பலகையைக் கழுவ வேண்டும். இதற்கு யாருடைய மாத்திரைக் குப்பியையும் படிக்கத் தேவையில்லை. அந்தத் தம்பி அன்று அதைத்தான் செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் தூக்கி எறிந்த பயற்றங்காய்களைப் பார்த்து, "இவ்வளவையும் ஏன் தம்பி வீணாக்குகிறாய்" என்று அலுத்துக்கொண்டவர்களில் இப்போது அவரை விலக்கச் சொன்னவர்களும் உண்டு.

தொண்டர்களில் ஒரு சகோதரியைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அந்தப் படம் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. கைகளைக் கழுவிக் கழுவி விரலிடுக்குகள் வெடித்திருந்தன. தனியார் கிளினிக்குகளில் மூன்று முறை சோதனை செய்துகொண்டார். கடைசியாகச் செய்தது ஆடித் திருவிழா முடிந்து 45 நாளுக்கும் மேலான பிறகு, இரத்தநாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை; அதற்கு மேல் ஐயப்பட இடமில்லை. மூன்றிலும் கிருமி இல்லை. ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்து, "மிஸ்ஸி, சோதனை தப்பாக இருக்குமோ?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியது நான்காவது சோதனை இல்லை, இந்தப் பதற்றத்துக்கே வைத்தியம் என்று சொல்லி, சுகாதார நிலையத்து மருத்துவரைப் பார்க்க நானே கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது வண்டியில் அவர் சொன்னதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். "ஆபத்து இல்லையென்றால் செயலவை ஏன் மிஸ்ஸி அவரை நிறுத்தியது? கத்தியை ஏன் எறிந்தார்கள்?" என்றார். பயத்தைத் தணிக்கத்தான் நிறுத்தினோம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எறிந்த கத்தியும் ஒதுக்கிய டம்ளரும் அந்தச் சகோதரிக்கு ஆபத்துக்கான அத்தாட்சியாகிவிட்டன. நான் கட்டிய சிவப்பு நூலும் எனக்கு அதைத்தான் செய்தது: ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும், காரணமில்லாமலா கட்டியிருக்கிறது என்று தோன்றும், கட்டியவளே நானாக இருந்தும்.

'அவருக்கு எப்படி வந்தது?' என்று உங்களில் ஐந்து பேராவது என்னிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரரிடம் எத்தனை லட்டு சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டா நாம் பந்தியில் இடம் போடுகிறோம்?

தாய்சேய் நல நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு முதல் அரசாங்க நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யத் தொடங்கினோம். கிருமி இருந்த தாய்மார்களுக்கு மருந்து கொடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்து, தாய்ப்பாலுக்குப் பதில் புட்டிப்பால் கொடுக்கச் சொல்லிப் பழக்கினோம். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நாம்தான். அந்தத் தாய்மார்கள் தம் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், சோறு பிசைந்து ஊட்டினார்கள், மூக்கைத் துடைத்தார்கள், கன்னத்தில் எச்சில் பட முத்தமிட்டார்கள். பதினெட்டு மாதம் முடிந்து கடைசிச் சோதனைக்கு வரும்போது அந்தக் குழந்தைகள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அவர்களில் இரண்டு பேர் இப்போது நம் ஆலயத்துத் தேவார வகுப்புக்கு வருகிறார்கள் என்று சொன்னால், யார் என்று நீங்கள் தேடத் தொடங்குவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே அப்படி யாரும் வருகிறார்களா இல்லையா என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஓர் ஆளுக்கென்று தனிக் குவளை வைக்கும் வழக்கம் நம்மவர்களுக்குப் புதிதில்லை. ஊரில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைச் சொல்லிச் சொல்லி என் தாத்தா கண் கலங்குவார். கடையின் கூரையில் செருகியிருந்த சிரட்டையைத் தானே எடுத்து, தானே கழுவி, தூரத்தில் குந்திக் குடித்துவிட்டுத் திரும்பச் செருகிய கை அவருடையது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. கப்பலிலிருந்து இறங்கி மலாயாத் தமிழர்களிடம் பேசத் தொடங்கியது இதே பினாங்கில்தான். ஆலயத்துக்கு எழுதும் மடலில் அவர் பெயரா என்று தலைவர் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டு மேலே படியுங்கள் ஐயா. கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் அந்தச் சிரட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்தார்கள். அதை ஒரு முருகன் சந்நிதியின் பின்கட்டில், நகச்சாயப் புள்ளி வைத்த எவர்சில்வராக நான் பார்க்க நேர்ந்தது.

நான் கேட்பது இவைதான். ஓய்வெடுக்கச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தவர்கள், மீண்டும் வரச் சொல்லி அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். தலைவரும் செயலாளரும் சேர்ந்து போனால் நல்லது. அந்தப் புலனக் குழுவைக் கலைத்துவிடுங்கள், படத்தை அழிக்கச் சொல்லுங்கள், ஒருவருடைய மருந்தைப் படம் பிடித்துப் பரப்பியது தவறு என்று பரப்பியவரிடம் செயலவையே சொல்லட்டும். அவர் வருவதும் வராததும் அவர் விருப்பம். வரமாட்டேன் என்று சொன்னால் அதையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டு வாருங்கள். வரும் தைப்பூசத்துக்கு முன்னால் தலைக்கு ஒரு புதுப் பிளேடு என்பதை எழுதி ஒட்டுங்கள். பழைய பிளேடுகளைப் போட மூடியுள்ள கெட்டியான டப்பா வாங்குங்கள். ஒரு பிளேடின் விலை ஒரு குவளை தேநீரின் விலைகூட ஆகாது. தொகை போதாது என்றால் என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன், அதற்கு உபயம் என்று என் பெயரைப் பொறிக்க வேண்டாம். அலகு, கொக்கி கொண்டுவரும் குழுக்கள் ஆளுக்கு ஆள் புதியதோ, முறையாகக் கிருமி நீக்கியதோ பயன்படுத்தாவிட்டால் நம் வளாகத்தில் இடமில்லை என்று சொல்லுங்கள். சமையற்கூடத்துக்குக் கையுறையும் பிளாஸ்டரும் நான் ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டேன், அரிசிப் பீப்பாய்க்கு மேலே உள்ள நீல டப்பாவில் இருக்கின்றன.

சந்தேகம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை காலை பூசைக்கு முன்னால் என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வெட்கமான கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது, 33 ஆண்டுகளாக அவற்றுக்குத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

பாத்திரப் பொறுப்பாளருக்கு ஒரு குறிப்பு. டம்ளர் கணக்கில் ஒன்று குறையும். தேட வேண்டாம், அது என் வீட்டில் இருக்கிறது. நகச்சாயம் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததில் புள்ளி போய்விட்டது, 'உபயம்' என்ற எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு தங்கியிருக்கிறது. இரண்டு வாரமாக அதில்தான் காப்பி குடிக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து மற்றவற்றோடு கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆலய உறுப்பினர்,
ஓய்வுபெற்ற மிஸ்ஸி,
பினாங்கு.